வேரில் கலந்த நஞ்சு

பாண்டி நாட்டின் கீழைக் கடற்கரையிலே சேதுபதிகள் ஆண்ட சேது நாடு உள்ளது. இன்று அஃது இராமநாதபுரம் மாவட்டம் என்று வழங்குகின்றது. மேற்கு மலையிற் பிறந்து மதுரையைக் கடந்து வரும் வையை ஆறு, இந்நாட்டினுட் புகுந்தவுடன் கண்மாய்களிலே பரவித் தேங்கி, கடலைக் காணாமலே பெரும்பாலும் மறைந்துவிடுகின்றது. இங்கு மழை குறைவு, மணல் மிகுதி, வீசுகின்ற காற்றிலும் உப்புக் கலந்திருக்கும். வாழையும் கரும்பும் வளம் பெற்று நிற்கும் காட்சியை இங்கே எதிர்பார்த்தல் இயலாது. ஆயினும், சாயல்குடியிலிருந்து கடலாடிக்கும், கீழக்கரையிலிருந்து மண்டபத்திற்கும் செல்வோர் சாலையின் இருமருங்கிலும் ஒரு காட்சியைக் காண்பர். தேரி மணலிலும், கண்மாய்க் கரையிலும், உப்பளத்தின் ஓரத்திலும், ஒருவர் நீரூற்றாமலும் ஒருவர் எருவிடாமலும் ஓங்கி நிற்கின்ற பனைகளே அக்காட்சி.

1964-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் நள்ளிரவில் பெரும்புயல் ஒன்று இக்கரையைத் தாக்கியது. தனுஷ்கோடி என்னும் ஊர் அழிந்தது. பாம்பன் பாலம் சிதைந்தது. பயணிகளோடு சென்ற புகைவண்டியைக் கடல் விழுங்கியது. அத்தகைய புயல்கள் அடிக்கடி வந்து போகும் இக்கரையிலே, பனை நிமிர்ந்து நிற்பதற்குக் காரணம் உண்டு. ஆலும் வேம்பும் உள்ளே வயிரம் பாய்ந்தவை. பனையோ வெளியே வயிரம் பாய்ந்தது. புறத்தே வயிரமுடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரமுடையவற்றை மரம் என்றும் தொல்காப்பியர் பிரித்துக் காட்டினார். அவ்வகையில் பனை புல்லினத்தைச் சேர்ந்தது. இக்காலத் தாவர நூலாரும் பனையைப் புல்லோடும் நெல்லோடும் ஒரு வித்திலை இனத்திலேயே வைத்து எண்ணுகின்றனர். புல்லைப்போல் வளைந்து கொடுக்கும் இயல்பும், இரும்பைப்போல் உறுதி வாய்ந்த புறநாரும் ஒருங்கே பெற்றமையால் புயலை எதிர்த்து நிற்கும் ஆற்றல் அதற்கு வாய்த்தது.

பனை தரும் பயன்களை எடுத்துரைக்கப் புகுந்தால் ஏடு கொள்ளாது. நுங்கும் பதநீரும் கோடையின் வெம்மையைத் தணிக்கின்றன. கருப்பட்டியும் பனங்கற்கண்டும் உணவாகவும் மருந்தாகவும் உதவுகின்றன. பனங்கிழங்கு ஏழையின் பசியை ஆற்றுகின்றது. ஓலை கூரையாகின்றது, பெட்டியாகவும் கொட்டானாகவும் விசிறியாகவும் உருக்கொள்கின்றது. நார் கட்டிலாகின்றது, தும்பு தூரிகையாகின்றது, முதிர்ந்த மரம் உத்திரமாகவும் சட்டமாகவும் வீட்டைத் தாங்குகின்றது. இவற்றுக்கெல்லாம் மேலாக, நம் முன்னோரின் அறிவுச் செல்வம் முழுவதையும் தன் ஓலையிலே தாங்கிக் காத்துத் தந்தது பனையே அன்றோ? பனையின் பயன்கள் 801 என்று தாலவிலாசம் என்னும் நூல் கூறும் என்பர். தமிழ்நாட்டின் மாநில மரமாகப் பனை ஏற்றுக்கொள்ளப்பட்டிருப்பது மிகவும் பொருத்தமே.

இத்தகைய மரத்திற்கும் பகை உண்டோ என்று கேட்கலாம். உண்டு. கண்ணுக்குத் தெரிந்த பகை கோடரி. செங்கற் சூளைக்கு விறகாகப் பல்லாயிரம் பனைகள் வெட்டுண்டு வீழ்ந்ததை நாம் அறிவோம். வெட்டுண்ட மரத்தைக் கண்டு இரங்குவோர் உண்டு. வெட்டியவனைத் தடுப்பதற்குச் சட்டமும் உண்டு. ஆனால் கண்ணுக்குத் தெரியாத பகை ஒன்று மண்ணின் வழியாகவும் நீரின் வழியாகவும் காற்றின் வழியாகவும் மெல்ல மெல்ல வந்து சேர்கின்றது. அதற்கு ஓசை இல்லை, நிறம் இல்லை, மணம் இல்லை. அதுவே கன உலோக நஞ்சு. கோடரியை அஞ்சுகின்ற நாம் இந்நஞ்சை அஞ்சாதிருப்பது பெரும் பிழை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கன உலோகங்கள் என்பவை யாவை? காரீயம், காட்மியம், பாதரசம், குரோமியம், நிக்கல், தாமிரம், துத்தநாகம் முதலியன அவை. நீரைக் காட்டிலும் ஏறக்குறைய ஐந்து மடங்குக்கு மேல் எடையுடைய உலோகங்களை இப்பெயரால் வழங்குவர். ஆர்செனிக் என்னும் பாடாணம் முழு உலோகம் அன்று. எனினும், செய்யும் கேட்டை நோக்கி அதனையும் இக்கூட்டத்திலே சேர்த்துக் கூறுவர். இவையெல்லாம் மனிதன் படைத்தவை அல்ல. பாறையிலும் மண்ணிலும் இயற்கையாகவே சிறிதளவு கலந்துள்ளவை. அவற்றுள் துத்தநாகமும் தாமிரமும் மிகச் சிறிய அளவில் பயிர்க்கு வேண்டுவன. அளவு மிஞ்சினால் அவையும் நஞ்சாகும். காரீயமும் காட்மியமும் பாதரசமும் பயிர்க்கு எவ்வளவும் வேண்டாதவை.

மண்ணின் ஆழத்திலே உறங்கிக் கிடந்த இவற்றை மனிதன் தோண்டி எடுத்தான், உருக்கினான், பல பொருள்களாக வடித்தான், பயன்படுத்திய பின் கண்ட இடத்தில் எறிந்தான். நிலக்கரியை எரித்தபோது அதனுள் இருந்த பாதரசமும் ஆர்செனிக்கும் புகையிலும் சாம்பலிலும் வெளிப்பட்டன. தோலைப் பதப்படுத்தியபோது குரோமியம் கழிவுநீரிலே கலந்தது. மின்கலத்தை உடைத்தபோது காரீயம் மண்ணிலே சிந்தியது. பாறைப் பாசுபேட்டிலிருந்து செய்யும் உரத்தின் வழியாகக் காட்மியமும் சிறிதளவு வயலுக்கு வந்தது. காய்ந்த சருகு மண்ணிலே மக்கும். இறந்த உயிரின் உடலும் மக்கி மண்ணாகும். உலோகம் மக்குவதில்லை. அது வடிவம் மாறலாம், இடம் மாறலாம், ஆனால் அழியாது. இன்று ஒரு கைப்பிடிக் காரீயத்தை மண்ணிலே புதைத்தால், நம் பேரன் காலத்திலும் அவன் பேரன் காலத்திலும் அஃது அங்கேயே இருக்கும். ஏனைய மாசுகளுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேற்றுமை இதுவே.

இனி, இந்நஞ்சு மரத்தினுள் எவ்வாறு புகுகின்றது என்பதைக் காண்போம். பனைக்கு ஆணிவேர் இல்லை. அடிமரத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கான சல்லி வேர்கள் புறப்பட்டுப் பக்கத்திலும் ஆழத்திலும் பரவி, வறண்ட மண்ணிலும் நீரைத் தேடிப் பிடிக்கின்றன. இவ்வேர்கள் நீரோடு தமக்கு வேண்டிய உப்புகளையும் உறிஞ்சுகின்றன. ஆனால், வேரின் வாயிற் காவல் அவ்வளவு நுட்பமானது அன்று. காட்மியம் துத்தநாகத்தைப்போல் வேடம் பூண்டு வந்தால் அதனையும் உள்ளே விடும். ஆர்செனிக்குப் பாசுபேட்டைப்போல் வந்தால் அதற்கும் வழிவிடும். காரீயம் பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடுகின்றது. காற்றிலே பறந்து வரும் உலோகத் தூசியோ ஓலையின் மேல் படிந்து கிடக்கின்றது.

உட்புகுந்த நஞ்சு செய்யும் கேடு பல வகைப்படும். முதற்கண் வேரின் நுனி தடிக்கின்றது, வளர்ச்சி குன்றுகின்றது, அதனால் நீரை உறிஞ்சும் ஆற்றல் குறைகின்றது. இலையிலே பச்சையம் தோன்றுவதற்கு மக்னீசியமும் இரும்பும் வேண்டும். நஞ்சாகிய உலோகம் இவற்றின் இடத்தைப் பறித்துக்கொள்ளுகின்றது; அல்லது இவை வந்து சேராமல் தடுக்கின்றது. பச்சையம் குறைய, ஓலை வெளிறி மஞ்சளிக்கின்றது; கதிரவன் ஒளியைக்கொண்டு உணவு சமைக்கும் தொழில் தளர்கின்றது. மரமும் வாளா இருப்பதில்லை. உள்ளே வந்த உலோகத்தைப் பிடித்துக் கட்டுதற்குரிய சில பொருள்களை அது தன்னுள்ளே ஆக்கி, உயிரணுவின் மூலையிலே அடைத்து வைக்கின்றது. வீட்டினுள் நுழைந்த கள்வனை ஓர் அறையிலே தள்ளித் தாழிடுவது போன்றது இச்செயல். ஆனால், கள்வர் பலர் ஆகும்போது அறைகள் போதா. மேலும், காவலுக்குச் செலவிடும் ஆற்றல் அத்தனையும் வளர்ச்சியிலிருந்தும் காய்ப்பிலிருந்தும் எடுக்கப்பட்டதே ஆகும்.

இங்கே பனையின் தனி இயல்பு ஒன்றை நாம் கருத வேண்டும். வேம்பின் கிளை ஒன்று பட்டால் மற்றொரு கிளை தழைக்கும். புளியின் பட்டை உரிந்தால் புதுப்பட்டை வளரும். பனைக்குக் கிளை இல்லை. புதுப்பட்டை வளர்க்கும் திசுவும் இல்லை. உச்சியிலே உள்ள குருத்து ஒன்றே அதன் உயிர்நிலை. அக்குருத்து அழிந்தால் மரம் முழுவதும் மொட்டையாகி நிற்கும். அன்றியும், பனை மெல்ல வளர்வது. வடலியாக நின்று, மரமாகி, பாளை விடுவதற்குப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டுகள் ஆகும். தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான்; பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பது பழமொழி. ஓராண்டுப் பயிர் கெட்டால் அடுத்த ஆண்டு வேறு விதையை விதைக்கலாம். ஒரு தலைமுறை காத்து வளர்த்த பனை கெட்டால் அதனை ஈடு செய்ய மற்றொரு தலைமுறை வேண்டும்.

இராமநாதபுரக் கரையின் மண்ணும் இதனோடு தொடர்புடையது. களிமண்ணும் மக்கும் மிகுந்த நிலம் உலோகத்தைப் பற்றிக்கொள்ளும், எளிதிலே விடாது. மணல் அவ்வாறு பற்றாது. அதன்மேல் விழுந்த நஞ்சு, மழைநீரோடு கீழே இறங்கி, ஆழம் குறைந்த ஊற்று நீரிலே கலந்துவிடும். பாம்பன் தீவிலும் அதன் அண்மையிலும் பவளப் பாறையும் சிப்பியும் கலந்த சுண்ணாம்பு மண் உண்டு. சுண்ணாம்பு பெரும்பாலான உலோகங்களைக் கரையவொட்டாமல் தடுத்து நிறுத்தும். அஃது இயற்கை தந்த காவல். ஆனால் உப்பு அக்காவலைத் தளர்த்திவிடும். உப்பிலுள்ள குளோரைடு காட்மியத்தோடு கூடி அதனை நீரிலே எளிதாகக் கரையச் செய்கின்றது. நிலத்தடி நீரை அளவின்றி இறைத்துவிட்டால் கடல்நீர் உள்ளே ஏறும். கடல்நீர் ஏறிய மண்ணிலே காட்மியம் வேரைத் தேடி நடக்கத் தொடங்கும். எனவே, நீரைக் காப்பதும் நஞ்சைத் தடுப்பதும் இக்கரையில் இரண்டு வேலைகள் அல்ல, ஒன்றேயாம்.

"இஃதெல்லாம் பெருநகரங்களுக்கு உரிய தொல்லை, கடலும் மணலும் சூழ்ந்த எங்கள் ஊருக்கு இது வாராது" என்று சிலர் கூறுவர். அங்ஙனம் எண்ணி இருந்த ஊர்கள் பல உண்டு. ஜப்பான் நாட்டில் ஜின்சு என்னும் ஆற்றின் கரையிலே உழவர் நெல் பயிரிட்டு வந்தனர். மேலே மலையில் இருந்த சுரங்கத்திலிருந்து காட்மியம் ஆற்றிலே கலந்தது. ஆற்று நீர் வயலுக்குப் பாய்ந்தது. நெல் அதனை உண்டது. நெல்லை மனிதர் உண்டனர். எலும்பு நொறுங்கி, அசைந்தாலும் வலி தாங்காது அலறிய பெண்களின் நோய்க்குக் காட்மியமே காரணம் என்று அந்நாட்டு அரசு 1968-இல் ஏற்றுக்கொண்டது. அதே நாட்டில் மினமாட்டா என்னும் கடலோர ஊரில், தொழிற்சாலை கடலில் விட்ட பாதரசம் மீனிலே சேர்ந்து மீனை உண்டோரின் நரம்பைக் கெடுத்த கொடுமை 1956-இல் வெளிப்பட்டது. மினமாட்டாவும் நம் பாம்பனைப் போல மீனவர் வாழ்ந்த ஊரே.

வேற்று நாட்டை ஏன் நோக்க வேண்டும்? நம் நாட்டிலேயே சான்றுகள் உள்ளன. இராணிப்பேட்டையில் குரோமிய உப்புகளைச் செய்த ஆலை ஒன்று 1990-களில் மூடப்பட்டது. ஆனால் அது விட்டுச் சென்ற இரண்டு இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு, மூடப்பட்ட பின்னும் மழையிலே கரைந்து நிலத்தடி நீரை மஞ்சளாக்கியது. கோடைக்கானலில் வெப்பமானி செய்த ஆலை 2001-இல் மூடப்பட்டது. அங்கு மண்ணிலே கலந்த பாதரசத்தை நீக்கும் பணி இருபது ஆண்டுகள் கழிந்த பின்னும் நடந்துகொண்டிருந்தது. மன்னார் வளைகுடாவின் கரையிலுள்ள தூத்துக்குடியில் 1979 முதல் அனல் மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. நிலக்கரிச் சாம்பல் கடலோரத்திலே குவிந்தது. அவ்வூரில் 1996-இல் தொடங்கிய ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையை 2018-இல் அரசு மூடியது. உப்பாற்றங்கரையிற் குவிக்கப்பட்ட தாமிரக் கசடு அகற்றப்படாமையையும் ஒரு காரணமாகக் காட்டி, 2024-இல் உச்ச நீதிமன்றம் அம்முடிவை ஏற்றது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையிலே கடல் ஒன்றே, கரை ஒன்றே. இவ்விரண்டிற்கும் நடுவே உள்ள 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா அமைத்தனர். பவளத்திற்கும் கடற்பசுவிற்கும் வேலி அமைத்த நாம், அவற்றின் எதிரே கரையில் நிற்கும் பனையை மறந்துவிடலாமா?

நஞ்சு பெரிய ஆலையிலிருந்துதான் வரும் என்பதும் இல்லை. நம் கையிலிருந்தும் அது வருகின்றது. மீன்வலையின் அடிக்கயிற்றிலே காரீயக் குண்டுகளைக் கோக்கின்றோம். பழைய குண்டுகளை வீட்டு முற்றத்திலே உருக்கி வார்ப்பதும் உண்டு. படகின் அடியில் பாசியும் கொட்டலசும் ஒட்டாதிருத்தற்காகத் தாமிரம் கலந்த வண்ணத்தைப் பூசுகின்றோம். மறுமுறை பூசும்போது பழைய வண்ணத்தைச் சுரண்டி மணலிலே விடுகின்றோம். பழுதுபட்ட மின்கலத்தைக் கரையிலே போடுகின்றோம். பழைய மின்கம்பியிலிருந்து செம்பை எடுப்பதற்காக அதன் மேலுறையைத் தீயிட்டுக் கொளுத்துகின்றோம். இச்செயல்கள் நிகழும் இடம் பெரும்பாலும் எது? ஊர்ப்புறத்துப் பனைமரத்தின் நிழலே அன்றோ? ஆயினும், இதனைக் கூறுவது மீனவரையோ உழைப்பாளரையோ பழிப்பதற்கு அன்று. வேறு வழி காட்டாமல் பழிப்பது அறமாகாது. உடைந்த மின்கலத்தைக் கொடுத்து விலை பெறும் இடம் அருகிலே இருந்தால் அதனைக் கடலோரத்தில் எறிபவர் யார்?

மரத்திற்கு வந்த நோய் மரத்தோடு நிற்பதில்லை. கருப்பட்டி காய்ச்சும் முறையை எண்ணிப் பாருங்கள். ஏறக்குறைய எட்டு லிட்டர் பதநீரைக் கொப்பரையிலே ஊற்றிக் காய்ச்சினால் ஒரு கிலோ கருப்பட்டி கிடைக்கும். நீர் ஆவியாகிப் போகும். ஆவியாகாத பொருள் அனைத்தும் கொப்பரையிலேயே தங்கும். எட்டு லிட்டரிலே சிதறிக் கிடந்தது ஒரு கிலோவிலே ஒன்றுகூடும். நல்ல உப்புகள் கருப்பட்டியிலே செறிந்திருப்பதற்கு இதுவே காரணம். தீயவை கலந்திருந்தால் அவையும் செறிவதற்கு இதுவே வழி. பனங்கிழங்கோ மண்ணுக்குள்ளேயே பல மாதம் கிடந்து வளர்வது. பிள்ளைகளின் உடல் காரீயத்தைப் பெரியோரின் உடலைவிட மிகுதியாக ஏற்றுக்கொள்ளும். அது மூளையின் வளர்ச்சியையும் கெடுக்கும். ஆகையால், மரத்தின் வேரைக் காப்பது பள்ளிப் பிள்ளையின் அறிவைக் காப்பதாகும்.

மரமே இதற்குச் சான்றும் பகரும். பனைக்கு ஆண்டு வளையங்கள் இல்லை. ஆனால் உச்சியிலே ஒவ்வொரு குருத்தாக விரிந்து, முதிர்ந்த மட்டைகள் கீழே தாழ்ந்து நிற்கின்றன. மேலே உள்ளது புது ஓலை. கீழே உள்ளது பழைய ஓலை. காற்றிலே வந்த தூசியைப் பழைய ஓலை நெடுநாள் தாங்கியிருக்கும். சவூதி அரேபியாவின் ரியாத் நகரில் பேரீச்சை ஓலைகளை எடுத்து ஆராய்ந்து, அங்குள்ள காரீய மாசை அளந்தறிந்தனர். காரீயம் கலந்த பெட்ரோல் பல நாடுகளில் எரிக்கப்பட்ட காலம் அது. நம் நாட்டில் அது 2000-ஆம் ஆண்டிலே நிறுத்தப்பட்டது. பேரீச்சை சொல்லும் செய்தியைப் பனையும் சொல்லும். அன்று நாம் எழுத்தாணி கொண்டு ஓலையிலே எழுதினோம். இன்று நாம் எழுதாமலே நம் செயல்கள் ஓலையிலே பதிகின்றன. அவ்வேட்டைப் படிக்கும் அறிவைக் கல்லூரிகளும் வேளாண் நிலையங்களும் வளர்த்தல் வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். மஞ்சளித்த ஓலை அனைத்திற்கும் உலோகமே காரணம் என்று கூறிவிடலாகாது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கோதாவரிக் கரையிலே பனைகள் குருத்தழுகி மாண்டன. அதற்குக் காரணம் ஒரு வகைப் பூஞ்சணம் என்று அறிவியலார் கண்டறிந்தனர். 1952-ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் தஞ்சைத் தென்னைகளை வாட்டிய நோயும் பூஞ்சணத்தால் வந்ததே. வறட்சியும், உப்பும், சத்துக் குறைவும்கூட ஓலையை வெளிறச் செய்யும். ஆராயாமல் ஒருவர்மேல் பழி சுமத்துவதும், ஆராய மறுத்து ஒருவரைக் காப்பதும் ஒரே வகைத் தவறு. மண்ணை அளந்து, நீரை அளந்து, ஓலையை அளந்து, கண்ட உண்மையை ஊரார்முன் வெளிப்படையாக வைப்பதே நேர்மை.

தொழில் வேண்டாவோ என்று கேட்பாரும் உளர். தொழில் வேண்டும், வறண்ட நாட்டு இளைஞர்க்கு வேலையும் வேண்டும். ஆனால் பனைத் தொழிலும் ஒரு தொழிலே. மரம் ஏறுவோர், பதநீர் காய்ச்சும் பெண்டிர், பெட்டி முடைவோர் என எத்தனையோ குடும்பங்கள் அதனால் வாழ்கின்றன. ஒரு வேலையைக் கொடுத்து மற்றொரு வேலையின் வேரை அரித்தால் அது வளர்ச்சி ஆகாது. கழிவைத் தூய்மை செய்வதற்குரிய செலவை ஆலை ஏற்க வேண்டும். அச்செலவை மண்ணின்மேலும் மரத்தின்மேலும் ஏழையின் உடல்மேலும் ஏற்றுதல் கூடாது. புகுந்த நஞ்சை மண்ணிலிருந்து பிரித்தெடுப்பது ஆண்டுகளையும் பெரும்பொருளையும் விழுங்கும் வேலை என்பதை இராணிப்பேட்டையும் கோடைக்கானலும் நமக்குக் கற்பித்துவிட்டன. வருமுன் காப்பதே இந்நோய்க்கு மருந்து.

அரசும் சில நல்ல அடிகளை எடுத்து வைத்துள்ளது. 2021-ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில், 76 இலட்சம் பனை விதைகளை நடுவதற்கும், மாவட்ட ஆட்சியரின் இசைவின்றிப் பனையை வெட்டாதிருப்பதற்கும் வழி கூறப்பட்டது. மின்னணுக் கழிவுகளையும் மின்கலக் கழிவுகளையும் செய்தவரே திரும்பப் பெறுதல் வேண்டும் என்னும் விதிகளை 2022-இல் நடுவண் அரசு வகுத்தது. விதி ஏட்டிலே இருந்தால் போதாது. ஊரிலே நடமாட வேண்டும். விதைத்த பனைவிதை முளைக்கும் மண் நல்ல மண்ணா என்று பார்த்து நடுதலும் வேண்டும். நட்ட எண்ணிக்கை பெருமை தரலாம். பிழைத்து நின்ற எண்ணிக்கையே பயன் தரும்.

இளைஞர்களே! உங்களால் ஆகக்கூடியவை சிறியனவாகத் தோன்றலாம். கெட்டுப்போன மின்கலத்தை மண்ணில் எறியாமல் சேர்த்து வைத்து உரிய இடத்திலே கொடுங்கள். கம்பியைக் கொளுத்துவோரிடம் பணிவோடு எடுத்துச் சொல்லுங்கள். காரீயத்தை வீட்டிலே உருக்காதிருக்கத் தந்தையரிடம் வேண்டுங்கள். கிழங்கைத் தோலோடு ஒட்டிய மண் போகக் கழுவி உண்ணுங்கள். ஆடி ஆவணியிலே விழும் பனம்பழக் கொட்டையைக் கண்மாய்க் கரையிலே ஊன்றுங்கள். ஒருவன் செய்தால் என்ன ஆகும் என்று எண்ணவேண்டா. தினையளவு செய்த உதவியையும் பயன் அறிந்தோர் பனையளவாகக் கொள்வர் என்று வள்ளுவர் நன்றிக்கு இலக்கணம் வகுத்தார். நஞ்சின் இலக்கணமும் அத்தகையதே: தினையளவாக விழுந்தது நாள் செல்லச் செல்லப் பனையளவு கேடாக வளர்கின்றது. எனவே, தினையளவிலேயே அதனைத் தடுத்தல் அறிவுடைமை.

இன்று நாம் உண்ணும் நுங்கைத் தந்த மரத்தை நட்டவர் யார்? நமக்குத் தெரியாது. அவர் அதன் காயை உண்டிருக்கமாட்டார். பின்வருவோர் உண்ணுவர் என்னும் அன்பினாலே கொட்டையை மண்ணிலே ஊன்றிச் சென்றார். அம்மண்ணையும் அவர் தூயதாகவே நம் கையிலே ஒப்படைத்தார். நாமும் அதனைத் தூயதாகவே பின்வருவோர் கையில் கொடுத்தல் வேண்டும். மரத்தை நட்டு, வேரிலே நஞ்சை விட்டுச் செல்வோமாயின், நட்டதனால் என்ன பயன்?